நீடித்த கடற்பாசி வளர்ப்பும் அரசின் கொள்கை ஆதரவும்: கரிசல் நிலத்திலிருந்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கடற்பாசி வளர்ப்பை நீடித்த தொழிலாக வளர்க்கும் நோக்கில் ஒன்றிய அரசும் தமிழ்நாடு அரசும் கடந்த இருபது ஆண்டுகளில் பல திட்டங்களையும் ஆணைகளையும் வெளியிட்டுள்ளன. 2005-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசாணை, 2020-ஆம் ஆண்டின் பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம், 2021-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைத் திருத்தம், 2024-ஆம் ஆண்டின் உயிர்ப்பாசி இறக்குமதி வழிகாட்டுதல் ஆகியவற்றை இக்கட்டுரை ஒருங்கே வைத்து ஆராய்கிறது. தொழிலின் ஒரு முனையில் பாசியெடுக்கும் பெண்களும், மறுமுனையில் பாசிச்சாற்றை வாங்கித் தெளிக்கும் மானாவாரி உழவரும் உள்ளனர். பசுவந்தனை வட்டாரக் கரிசல் நிலத்தை நிலைக்களனாகக் கொண்டு நோக்கும்போது, இவ்விரு முனைகளும் கொள்கையின் அளவுகோலுக்கு வெளியே நிற்பதும், மிதவைகளின் எண்ணிக்கையே வளர்ச்சியின் அளவாகக் கொள்ளப்படுவதும் புலனாகின்றன. கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழிலின் பட்டறிவு இதற்கு ஒப்பீடாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கடற்பாசி, கரிசல், மன்னார் வளைகுடா, மானியம், உயிர்த்தூண்டி, பெண்கள் உழைப்பு, தீப்பெட்டித் தொழில்

1. முன்னுரை

பசுவந்தனை கடற்கரை ஊர் அன்று. தூத்துக்குடி மாவட்டம் ஓட்டப்பிடாரம் வட்டத்தில், கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே அமைந்த மானாவாரி ஊர். உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், பருத்தி, கம்பு, மிளகாய் ஆகியன இவ்வட்டாரத்தின் பயிர்கள். புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் பெய்யும் மழையை நம்பியே விதைப்பு நடைபெறுகிறது. இத்தகைய ஊரிலிருந்து கடற்பாசிக் கொள்கையைத் திறனாய்வு செய்ய முற்படுவதன் பொருத்தம் யாது என்னும் வினா இயல்பாகவே எழும்.

அதற்கு மூன்று விடைகள் உள. முதலாவது, இதே மாவட்டத்தின் கிழக்கெல்லை கடல். வேம்பாரும் வைப்பாற்றுக் கழிமுகமும் தருவைக்குளமும் கரிசல் நிலம் கடலைத் தொடும் இடங்கள். இரண்டாவது, கடற்பாசியிலிருந்து வடிக்கப்படும் சாறு பயிருக்குத் தெளிக்கும் உயிர்த்தூண்டியாகச் சந்தைப்படுத்தப்படுகிறது. அதை வாங்குவோருள் மானாவாரி உழவரும் அடங்குவர். மூன்றாவது, அரசின் வரிச்சலுகையால் வளர்ந்து, அதே வரி மாறியபோது தளர்ந்த ஒரு தொழிலை இவ்வட்டாரம் அறியும். கோவில்பட்டியின் தீப்பெட்டித் தொழிலே அது.

கடற்பாசி குறித்த தமிழ்க் கட்டுரைகள் பெரும்பாலும் அதன் ஊட்டச்சத்தையோ வளர்ப்பு முறையையோ விளக்குவனவாக உள்ளன. கொள்கையாவணங்களை ஒரு பனுவலாகக் கொண்டு, அவை எதை எண்ணுகின்றன, எதை எண்ணாமல் விடுகின்றன என்று வினவும் முயற்சி அரிது. 'நீடித்த' என்னும் அடைமொழி இக்கொள்கைகளில் எதைக் குறிக்கிறது, யாருக்கு நீடிப்பது என்னும் வினாக்களே இக்கட்டுரையின் மையம்.

2. பெயரும் பயனாளியும்

கரிசல் காட்டில் 'பாசி' என்றால் பாசிப்பயறு. கடற்கரையில் அதே சொல் கடலடித் தாவரத்தைச் சுட்டும். மன்னார் வளைகுடாக் கரையில் பாசியெடுக்கும் பெண்கள் அதனைக் கஞ்சிப் பாசி, மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என வகைப்படுத்தி வழங்குகின்றனர். அறிவியல் இவற்றை முறையே கிராசிலேரியா எடுலிஸ், ஜெலிடியெல்லா அசெரோசா, சர்காசம், டர்பினேரியா என அறிகிறது. முன்னிரண்டும் அகார் தருவன. பின்னிரண்டும் ஆல்ஜினேட் தருவன. இவ்வழக்குப் பெயர்கள், எந்தப் பாறையில் எந்தப் பருவத்தில் எது விளையும் என்னும் பட்டறிவோடு சேர்த்தே கையளிக்கப்படுபவை. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களை அகராதியாகத் தொகுத்ததுபோல இச்சொற்களும் முறையாகத் தொகுக்கப்பட வேண்டியவை.

கொள்கை மொழி இவ்வறிவை வேறொரு சட்டகத்துள் வைக்கிறது. அங்கே பாசி என்பது அது தரும் வேதிப்பொருளால் அறியப்படும் மூலப்பொருள். அதைக் கையாளுபவர் 'பயனாளி'. பயனாளி என்பவர் திட்டத்தால் ஒன்றைப் பெறுபவர். ஆனால் கடலில் மூழ்கிப் பாசியெடுக்கும் பெண், திட்டம் வருவதற்கு முன்பே தொழிலை உடையவர். மன்னார் வளைகுடாவில் வணிக நோக்கிலான பாசியெடுப்பு 1966 முதல் நடைபெற்றுவருவது பதிவாகியுள்ளது. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இத்தொழிலைச் செய்தவரைப் புதிய தொழிலுக்குள் நுழையும் பயனாளியாகக் காண்பது வெறும் சொல்லாட்சிச் சிக்கல் அன்று. பயனாளிக்கு உதவி உண்டு, உரிமை இல்லை. இவ்வேறுபாடே பின்வரும் பகுதிகள் அனைத்திலும் வெவ்வேறு வடிவில் வெளிப்படுகிறது.

3. கொள்கை கடந்துவந்த தடம்

இந்தியக் கடற்பாசி வளர்ப்பின் அண்மை வரலாறு பெரிதும் ஒரே இனத்தின் வரலாறு. கராஜீனன் என்னும் கூழ்மப்பொருளைத் தரும் கப்பாபைகஸ் அல்வாரெசி இந்நாட்டுக்குரியதன்று. பிலிப்பைன்ஸ் கடலைத் தாயகமாகக் கொண்ட இவ்வினம், 1984-இல் ஜப்பானிலிருந்து மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தால் கொண்டுவரப்பட்டது. குஜராத் கரையில் தொடங்கிய ஆய்வு 1990-களின் நடுப்பகுதியில் மண்டபத்துக்கு வந்தது. 2000-க்குப் பின் பெப்சிகோ நிறுவனம் தொழில்நுட்ப உரிமம் பெற்று, மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வாயிலாக ஒப்பந்த வளர்ப்பைத் தொடங்கியது. 2008-இல் அப்பணி அக்வாக்ரி நிறுவனத்தின் கைக்கு மாறியது. அரசு மானியமும் வங்கிக் கடனும் இணைந்த இம்மாதிரியில் விளைச்சல் உயர்ந்து, 2012-இல் உலர்நிலையில் ஏறத்தாழ 1,500 டன்னை எட்டியது. 2013 முதல் கடல்நீர் வெப்பம் மிகுந்தமையால் பாசி பெருமளவில் அழிந்தது. அந்த உயரத்தைத் தொழில் விரைவில் மீண்டும் எட்டவில்லை.

2020-இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் மொத்த ஒதுக்கீடு 20,050 கோடி ரூபாய். அதில் கடற்பாசிக்கென 640 கோடி ரூபாய் குறிக்கப்பட்டது. 2025-க்குள் 11.2 லட்சம் டன் உற்பத்தி என்பது இலக்கு. அப்போது நாட்டின் மொத்தப் பாசி அளவு, கடலிலிருந்து எடுப்பதையும் சேர்த்து, ஈரநிலையில் சில பத்தாயிரம் டன்னே. 2021 ஒன்றிய நிதிநிலை அறிக்கை தமிழ்நாட்டில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவை அறிவித்தது. 127.71 கோடி ரூபாய் மதிப்பிலான அப்பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2024-இல் நிதி ஆயோக், கடற்பாசி மதிப்புச் சங்கிலியை மேம்படுத்தும் உத்தி அறிக்கையை வெளியிட்டது. அவ்வாண்டின் இறுதியில் உயிர்ப்பாசி இறக்குமதிக்கான வழிகாட்டுதல் வந்தது.

இந்த ஆர்வத்துக்கு உலகச் சூழலும் காரணம். 2019-இல் உலகின் பாசி உற்பத்தி 3.58 கோடி டன். அதில் ஏறத்தாழ 97 விழுக்காடு வளர்ப்பால் கிடைத்தது. சீனாவும் இந்தோனேசியாவும் அதில் பெரும்பங்கு கொண்டிருக்க, இந்தியாவின் பங்கு ஒரு விழுக்காட்டையும் எட்டவில்லை. எனவே வளர்ச்சிக்கு இடமுண்டு என்னும் அரசின் வாதம் சரியே. வளர்ச்சி எதனால் அளக்கப்படுகிறது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

4. கடல்: தடையும் ஊக்கமும்

அயலினப் பாசியின் பரவலைக் கருத்திற்கொண்டு தமிழ்நாடு அரசின் சுற்றுச்சூழல் மற்றும் வனத்துறை 2005 டிசம்பரில் ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி அயலினப் பாசி வளர்ப்பு பாக் நீரிணைக்கு வடக்கிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் உள்ள கடற்பகுதிக்கு மட்டுமே உரியதாக வரையறுக்கப்பட்டது. இடைப்பட்ட பகுதியில்தான் 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா உள்ளது. மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு கூட்டங்களாக அமைந்த 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளத்திட்டுகளும் அதன் எல்லைக்குள் அடங்கும்.

இவ்வெச்சரிக்கை வீணானதன்று. குருசடைத் தீவின் பவளங்கள்மீது கப்பாபைகஸ் படர்ந்து வளர்ந்திருப்பதை 2008-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். பவளத்தைப் போர்த்தி ஒளியை மறைக்கும் இப்பாசி அதன் இறப்புக்குக் காரணமாகிறது என்பது அவர்தம் முடிவு. பின்வந்த ஆய்வுகள் அண்டைத் தீவுகளிலும் அதன் இருப்பைப் பதிவுசெய்தன. பரவலின் அளவு குறித்தும் அதைக் கட்டுப்படுத்த இயலுமா என்பது குறித்தும் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் பவளத்தின்மீது அது கண்டறியப்பட்டது என்பதில் ஐயமில்லை.

இங்கு ஒரு முரண் கவனிக்கத்தக்கது. சூழலியல் ஆணை அயலினத்துக்கு எல்லை வகுக்கிறது. வளர்ச்சித் திட்டமோ விரைவாக விளையும் அயலினத்தையே பெரிதும் சார்ந்திருக்கிறது. உயிர்ப்பாசி இறக்குமதி வழிகாட்டுதலும் இச்சார்பின் விளைவே. தண்டைத் துண்டாக்கி மீண்டும் மீண்டும் கட்டியே கப்பாபைகஸ் பெருக்கப்படுகிறது. நாற்பதாண்டுகளுக்கு முன் வந்த சிறு அளவு மூலப்பொருளே நாடெங்கும் பரவியமையால் வீரியம் குன்றியது. எனவே புதிய விதைப்பாசி வேண்டும் என்பது வாதம். தனிமைப்படுத்திச் சோதித்தல், உயிர்ப்பாதுகாப்பு, தேசியக் குழுவின் ஒப்புதல் ஆகியவற்றை அவ்வழிகாட்டுதல் கோருவது பாராட்டத்தக்கது. ஆயினும் ஓர் இனத்தின் தளர்ச்சிக்கு அதே இனத்தின் புது வரவைத் தீர்வாகக் கொள்ளும்போது, நாட்டினப் பாசிகளுக்கான விதைக்கூடம் இரண்டாமிடத்துக்குத் தள்ளப்படுகிறது.

பசுவந்தனைக்கு அண்மையிலுள்ள வேம்பார், வைப்பாறு கரைகள் 2005 ஆணையின்படி அயலின வளர்ப்புக்கு விலக்கப்பட்ட பகுதியில் அமைந்தவை. இக்கரைகளுக்குக் கொள்கை தரக்கூடியது கஞ்சிப் பாசி, மரிக்கொழுந்துப் பாசி போன்ற நாட்டினங்களின் வளர்ப்பு ஒன்றே. ஆகவே நாட்டினத்துக்கான ஆய்வும் விதையும் பின்தங்கினால், சூழலை மதிக்கும் ஆணை இக்கரை மக்களுக்கு வெறும் தடையாகவே எஞ்சும். பாதுகாப்பு ஆணையும் வளர்ச்சித் திட்டமும் தனித்தனித் துறைகளில் பிறந்து தனித்தனியே நடப்பதன் விளைவு இது.

5. உழைப்பு: மிதவையின் கணக்கு

மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் உள்ளீடுகள் உட்பட ஒரு மூங்கில் மிதவையின் அலகுச் செலவு 1,500 ரூபாய். 25 மீட்டர் நீளமுள்ள 25 கயிறுகள் கொண்ட ஒற்றைக்கயிறு அல்லது குழாய்வலை அலகுக்கு 8,000 ரூபாய். மகளிருக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும், பிறருக்கு 40 விழுக்காடும் மானியம். 46,095 மிதவைகளுக்கும் 65,330 ஒற்றைக்கயிறு, குழாய்வலை அலகுகளுக்கும் ஒப்புதல் அளிக்கப்பட்டதாக அரசு அறிவித்துள்ளது. திட்டத்தின் வெற்றி இவ்வெண்களால் எடுத்துரைக்கப்படுகிறது.

இவ்வெண்களை ஒரு குடும்பத்தின் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்போம். பாசி 45 நாளில் முதிர்வதால், நாளொன்றுக்கு ஒரு மிதவை அறுக்கும்படி 45 மிதவைகளை வைத்திருப்பது வழக்கமான முறை. அதன் செலவு 67,500 ரூபாய். பெண் ஒருவருக்கு 40,500 ரூபாய் மானியமாகும். எஞ்சிய 27,000 ரூபாய் அவருடைய பொறுப்பு. ஒரு மிதவையில் 60 கிலோ விதைப்பாசி கட்டி ஏறத்தாழ 260 கிலோ அறுத்தால், அடுத்த விதைக்கென 60 கிலோ போக 200 கிலோ மிஞ்சும். உலர்ந்தபின் அது பத்தில் ஒரு பங்காக, 20 கிலோவாகும். இந்த 20 கிலோவின் விலையே ஒரு நாளின் வருவாய்.

இழப்பு நேரும்போதுதான் கணக்கின் குறை தெரிகிறது. வெப்பத்தாலோ நோயாலோ மீன் மேய்ச்சலாலோ பாசி அழிந்தால் போவது ஒரு நாள் வருவாய் மட்டுமன்று. 45 மிதவைகளில் கட்டிய 2,700 கிலோ விதையும் போகிறது. மூங்கில் நிற்கும், கயிறு நிற்கும், ஆனால் கட்டுவதற்குப் பாசி இராது. ஏட்டில் அம்மிதவைகள் வழங்கப்பட்டவையாகவே எண்ணப்படும். வழங்கிய மிதவைகள் எத்தனை என்பதற்கு எண் உள்ளதுபோல, இரண்டாண்டுக்குப் பின் எத்தனை மிதவைகள் நீரில் உள்ளன என்பதற்கும் எண் வேண்டும். அவ்வெண்ணே 'நீடித்த' என்னும் சொல்லுக்குச் சான்றாக முடியும்.

விதையிழப்பை ஈடுசெய்யும் வழிமுறையைக் கரிசல் உழவு ஓரளவு அறியும். மழை பொய்த்து விதைப்பு வீணானால் மறுவிதைப்புக்கு வழிகோலுவதும், 2016 முதல் நடைமுறையிலுள்ள பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டமும் குறைகள் பல உடையனவே. ஆயினும் இழப்பு என்பது உழவரின் தனிப்பொறுப்பன்று என்னும் கொள்கையை அவை ஏற்றுக்கொண்டுள்ளன. கடலுழவருக்கான காப்பும், கரையோர விதைக்கூடமும் மிதவை மானியத்தோடு ஒருங்கே வரவேண்டும்.

உரிமை பற்றிய வினா இதனினும் ஆழமானது. மானியம் மிதவையைத் தருகிறது. மிதவை மிதக்கும் நீர்ப்பரப்பின்மீது உரிமையைத் தருவதில்லை. பாசியெடுக்கும் பெண்களோ தேசியப் பூங்காவின் எல்லைக் கட்டுப்பாட்டால் தம் பழைய பாசித் திட்டுகளை அணுக இயலாத நிலைக்கு ஆளாயினர். தாமே நாட்களை வரையறுத்துக்கொண்டும், மீனினப் பெருக்கக் காலத்தில் பாசியெடுப்பை நிறுத்தியும் இயற்கையைப் பேணும் வழக்கத்தை அவர்கள் உருவாக்கினர். 2015-இல் இராமநாதபுரம் மாவட்டப் பாசிப்பெண் ஒருவருக்கு அமெரிக்காவின் சீகாலஜி விருது அளிக்கப்பட்டது இம்முயற்சிக்கான உலக ஏற்பு. கட்டுப்பாட்டைத் தாமே வகுக்கத் தெரிந்தவரை வளங்காப்பின் பங்காளியாகக் கொள்ளாமல், மூங்கில் பெறுபவராக மட்டும் கொள்வது கொள்கையின் பெருங்குறை.

சான்சிபார்த் தீவுகளின் பட்டறிவு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அங்கு 1989-இல் வணிக வளர்ப்பு தொடங்கியது. வளர்ப்போருள் மிகுதியானோர் பெண்கள். நல்ல விலை பெறும் கப்பாபைகஸ், நீரின் வெப்பம் உயர்ந்தபோது கரையோர ஆழமற்ற நீரில் நிலைக்கவில்லை. விலை குறைந்த இனத்தையே பலரும் சார்ந்திருக்க நேர்ந்தது. ஓரினத்தையும் சில ஏற்றுமதியாளரையும் நம்பிய தொழிலில் விலையும் வெப்பமும் ஒருசேரப் பெண்கள்மீது சுமையாயின. 2013-க்குப் பிந்தைய பாக் நீரிணையின் கதையும் இதனின்று பெரிதும் வேறுபடவில்லை.

6. கோவில்பட்டி தரும் பாடம்

கொள்கை ஆதரவால் வளர்ந்த தொழிலுக்குக் கரிசல் நிலம் அருகிலேயே ஒரு சான்றைத் தருகிறது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் மழை பொய்க்கும் நிலத்துக்கு மாற்றாகத் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. இயந்திரத் தொழிற்சாலைக்கும் கையால் செய்யும் சிற்றாலைக்கும் வெவ்வேறு கலால் வரி விதித்து அரசு சிற்றாலைகளைக் காத்தது. அதனால் பல்லாயிரம் குடும்பங்களுக்கு வேலை கிடைத்தது. இது மறுக்க இயலாத நன்மை.

ஆனால் வரிச்சலுகை உற்பத்தி அளவோடு பிணைக்கப்பட்டிருந்தமையால், வரம்பைத் தாண்டாதபடி ஆலைகள் பெயரளவில் பிரிக்கப்பட்டன. சலுகை ஆலையைச் சென்றடைந்தது. பெட்டி ஒட்டுபவரின், குச்சி அடுக்குபவரின் கூலியைச் சென்றடைய அதில் வழியில்லை. தீப்பெட்டித் தயாரிப்பு 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் தடைசெய்யப்பட்ட பணிகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டதும் நினைக்கத்தக்கது. 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது கையால் செய்தவற்றுக்கு 5 விழுக்காடும், இயந்திரத்தால் செய்தவற்றுக்கு 18 விழுக்காடும் விதிக்கப்பட்டன. 2020 ஏப்ரல் முதல் இரண்டும் 12 விழுக்காடாயின. கையுழைப்புக்கு இருந்த வரிப் பாதுகாப்பு ஒரே முடிவில் அகன்றது. 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டரின் இறக்குமதியை 2023-இல் அரசு தடைசெய்ய நேர்ந்ததும் இத்தொழில் இன்னும் கொள்கையின் கையைப் பற்றியே நிற்பதைக் காட்டுகிறது.

இரு தொழில்களும் ஒன்றல்ல. ஒன்று வரியால் காக்கப்பட்டது. மற்றொன்று மானியத்தால் ஊட்டப்படுகிறது. ஆயினும் இரண்டிலும் பெண்களின் துண்டுக்கூலி உழைப்பே அடித்தளம். இரண்டிலும் ஆதரவு கருவியையோ ஆலையையோ அலகாகக் கொள்கிறது. உழைப்பவரின் வருவாயை அலகாகக் கொள்ளாத ஆதரவு தொழிலை வளர்க்கலாம். உழைப்பவரை அத்தொழிலில் நிலைநிறுத்தாது. இதுவே கோவில்பட்டி தரும் பாடம்.

7. நிலம்: சாறு வந்துசேரும் இடம்

புதிய கப்பாபைகஸைப் பிழிந்தால் சாறு தனியாகவும் கராஜீனன் நிறைந்த சக்கை தனியாகவும் கிடைக்கும். சாறு பயிருக்குத் தெளிப்பாகும். சக்கை கூழ்மத் தொழிலுக்குச் செல்லும். மத்திய உப்பு ஆராய்ச்சி நிறுவனம் காப்புரிமை பெற்ற இம்முறை, ஒரே பாசிக்கு இரு சந்தைகளை உருவாக்கியது. இஃப்கோவின் சாகரிகா போன்ற விளைபொருள்கள் இப்பின்புலத்தில் எழுந்தவை. இந்தியப் பாசித் தொழிலின் உள்நாட்டுச் சந்தையில் வேளாண்மை முதன்மையான இடம் பெறுவதால், கடலின் எதிர்காலம் ஓரளவு நிலத்தின் தேவையைப் பொறுத்தது.

இத்தகைய தெளிப்புகள் நெடுங்காலம் முறையான ஒழுங்குக்கு உட்படாமல் விற்கப்பட்டன. 2021 பிப்ரவரியில் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் செய்யப்பட்ட திருத்தம் உயிர்த்தூண்டிகளை வகைப்படுத்தி, கடற்பாசிச் சாற்றையும் அதனுள் கொணர்ந்தது. தற்காலிகப் பதிவோடு விற்கும் வாய்ப்பு பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2025 ஜூனில் முடிவுற்றது. உழவரின் பணத்தைக் காக்கும் நோக்கில் இது தேவையான நடவடிக்கை.

எனினும் கரிசலின் பார்வையில் ஒரு குறை எஞ்சுகிறது. பயன்திறனை நிறுவ இவ்வாணை கோருவது ஒரு பருவச் சோதனை. மூன்று வேளாண் சூழல் பகுதிகளில் அது நடத்தப்பட வேண்டும். இறவைப் பயிருக்கு ஒரு பருவம் போதுமானதாக இருக்கலாம். மானாவாரிக்கோ ஓராண்டின் மழை மறு ஆண்டின் மழைக்குச் சான்றாகாது. ஐப்பசியில் அடைமழை பெய்து கார்த்திகையில் வறண்ட ஆண்டும், விதைப்பு மழையே பிந்திய ஆண்டும் ஒரே பயிரை இருவேறு பயிராக்கும். வறட்சியைத் தாங்கும் ஆற்றலைத் தருவதாகச் சொல்லப்படும் ஒரு தெளிப்பு, வறண்ட ஆண்டில் சோதிக்கப்படாமலே சான்று பெற வாய்ப்புண்டு.

மேலும், உளுந்துக்கும் பாசிப்பயற்றுக்கும் பூக்கும் தருணத்தில் 2 விழுக்காடு டிஏபி கரைசலையோ, எக்டேருக்கு 5 கிலோ பயறு ஒண்டரையோ தெளிக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. எந்தத் தெளிப்புக்கும் எக்டேருக்கு ஏறத்தாழ 500 லிட்டர் நீர் தேவை. கிணறில்லாக் காட்டுக்கு அந்நீரைச் சுமந்தோ வண்டியிலோ கொண்டுசெல்ல வேண்டும். ஆகவே உழவரின் வினா, 'தெளித்தால் விளையுமா?' என்பதன்று. 'ஏற்கெனவே தெளிப்பதைவிட இதனால் கூடுதலாக எவ்வளவு? அதற்காகும் நீர், ஆள், பணம் எவ்வளவு?' என்பதே. இவ்வினாவுக்கு விடைகாணத்தக்க நிலையம் அருகிலேயே உள்ளது. 1901-இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், மானாவாரி ஆய்வில் நீண்ட மரபுடையது. பாசிச்சாற்றை வழக்கமான தெளிப்புகளோடு ஒப்பிட்டுப் பல பருவங்களில் சோதித்து, முடிவுகளைத் தமிழில் வெளியிடும் பொறுப்பை அரசு இந்நிலையத்துக்கு நிதியுடன் அளிக்கலாம்.

பருவம் குறித்த மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பாக் நீரிணையில் கடல் கொந்தளிப்பதால் மிதவை வளர்ப்பு நின்றுபோகிறது. அதே மழையில்தான் கரிசலில் பயிர் முளைத்துப் பூக்கிறது. கடலில் விளைச்சல் இல்லாத மாதங்களே நிலத்தில் தெளிப்புக்கான மாதங்கள். இவ்விடைவெளியை நிரப்புவது சேமிப்பும் பதப்படுத்தலும். அவை எவரிடம் உள்ளனவோ அவரே இருமுனையிலும் விலையை வகுப்பார். பாசியை ஈரமாகவோ உலரவைத்தோ உடனே விற்க வேண்டிய பெண்ணுக்கும், மழை கண்ட வாரத்தில் வாங்கியே தீரவேண்டிய உழவருக்கும் பேரம் பேசும் வலிமை குறைவு. வளமாவூர்ப் பூங்கா பொதுப் பதப்படுத்தும் வசதியை மகளிர் குழுக்களுக்கு நியாயமான கட்டணத்தில் திறந்துவிடுமா, அல்லது நிறுவனங்களுக்கான மனையாக முடியுமா என்பது இத்தொழிலின் திசையை முடிவுசெய்யும்.

8. மாற்றுக் கருத்தும் மறுமொழியும்

இத்தகைய திறனாய்வு, தளிர்விடும் தொழிலின்மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றுகிறது எனக் கூறப்படலாம். பாசிக்கு நன்னீர் வேண்டா, நிலம் வேண்டா, உரம் வேண்டா. கரையோரப் பெண்ணுக்குத் தன் பெயரில் வருவாய் கிடைக்கிறது. முதலில் அளவு பெருகட்டும், முறைமை பின்னர் வரும் என்பது அவ்வாதம். அதன் முற்பகுதி முழுதும் ஏற்கத்தக்கது. நீர்ப்பஞ்சத்தை அறிந்த கரிசல்காரருக்கு நன்னீர் கேளாத பயிரின் அருமை சொல்லாமலே விளங்கும்.

பிற்பகுதியைத்தான் வரலாறு மறுக்கிறது. 2012-இல் அளவு பெருகியிருந்தது. விதைக்கூடமும் காப்பும் மாற்றினமும் இல்லாமையால் ஓரிரு ஆண்டுகளில் அது சரிந்தது. அப்போது தொழிலை விட்டவர்கள் மிதவை கிடைக்காமையால் விடவில்லை. அளவுக்குப் பின் முறைமை என்னும் வரிசையை ஒருமுறை சோதித்தாயிற்று. மீண்டும் பெண்களின் கடன்மீது அதைச் சோதிப்பது முறையன்று.

9. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு. முதலாவதாக, பாதுகாப்பு ஆணையும் வளர்ச்சித் திட்டமும் ஒருங்கிணைய வேண்டும். அயலினம் விலக்கப்பட்ட வேம்பார், வைப்பாறு போன்ற கரைகளுக்கு நாட்டினப் பாசியின் விதைக்கூடங்கள் முன்னுரிமையோடு அமைய வேண்டும். இரண்டாவதாக, வழங்கிய மிதவைகளோடு நிலைத்த மிதவைகளும், ஒரு பெண்ணின் ஆண்டு வருவாயும் ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். மூன்றாவதாக, பாசியெடுக்கும் பெண்களின் மரபுரிமையும், வளர்ப்போரின் நீர்ப்பரப்பு உரிமையும் எழுத்தில் ஏற்கப்பட வேண்டும். நான்காவதாக, பாசிச்சாற்றின் பயன் மானாவாரி நிலத்தில் பல பருவங்களில், வழக்கமான தெளிப்புகளோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட வேண்டும்.

கடலில் பாசி கட்டும் பெண்ணும் பசுவந்தனைக் காட்டில் உளுந்துக்கு மருந்து தெளிக்கும் உழவரும் ஒருவரையொருவர் அறியார். ஒருவரின் விளைச்சல் மற்றவரின் செலவாகச் சென்று சேர்கிறது. முன்னவருக்கு உரிய விலையும் பின்னவருக்கு உரிய பயனும் கிடைக்கும் நாளிலேயே இத்தொழில் நீடித்தது எனப்படும். மிதவைகளின் எண்ணிக்கை அந்நாளை அறிவிக்காது. எனவே கடற்பாசி ஆய்வு கடற்கரைப் பல்கலைக்கழகங்களோடு நில்லாமல், கரிசல் வட்டாரக் கல்லூரிகளின் பொருளியல், வேளாண்மை, தமிழ்த் துறைகளிலும் மேற்கொள்ளப்படுதல் வேண்டும்.